பேரங்காடியும் கிட்டங்கியும்

சொல்லுக்கும் சரக்குக்கும் ஓர் ஒப்புமை உண்டு. இரண்டும் கைமாறுகின்றன, இரண்டும் கடல் கடக்கின்றன. ஒழுங்காகக் கணக்கு எழுதாத வணிகன், தன் முதலையே பிறன் முதல் என்று எண்ணி ஏமாறுவான். மொழியின் நிலையும் அதுவே. இவ்வுண்மையை எனக்கு உணர்த்தியது இலக்கண நூலன்று. முதலாண்டு மாணவர் ஒருவரின் பொதுத்தமிழ்க் கட்டுரைத்தாள்.

வகுப்புத் தேர்வில் 'என் இல்லம்' என்னும் தலைப்பில் கட்டுரை வரையப் பணித்திருந்தேன். கீழக்கரைப் பகுதியைச் சேர்ந்த மாணவர் ஒருவர், தம் வாப்பா வளைகுடா நாட்டில் ஒரு ஹைபர் மார்க்கெட்டின் கிட்டங்கியில் பணியாற்றுகின்றார்கள் என்று எழுதியிருந்தார். நான் 'கிட்டங்கி' என்னும் சொல்லைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, ஓரத்தில் 'கொச்சை' என்று குறித்து, 'சேமிப்பு அறை' எனத் திருத்தி, ஒரு மதிப்பெண்ணையும் குறைத்தேன். இருபதாண்டுகளுக்கு மேலாகச் செய்துவரும் திருத்தம். கை தானாகவே செய்தது.

இரு நாள் கழித்து அம்மாணவர் துறை அறைக்கு வந்தார். தாளை மேசைமேல் விரித்தார்.

"ஐயா, கிட்டங்கி தப்புன்னு அடிச்சிருக்கீங்க. அதுக்கு முன்னால இருக்குற ஹைபர் மார்க்கெட்டை ஒண்ணும் செய்யலையே?"

வினாவில் குறும்பு இல்லை. உண்மையாகவே அறிந்துகொள்ளும் ஆவல் இருந்தது. எனக்கோ விடை இல்லை. "எழுத்து வழக்கு வேறு, பேச்சு வழக்கு வேறு" என்று பொதுவாகச் சொல்லி அனுப்பிவிட்டேன். "வாப்பா போன்ல அப்படித்தான் சொல்வாங்க ஐயா. வீட்ல எல்லாரும் அப்படித்தான் சொல்வோம்" என்று மெல்லக் கூறி, தாளை மடித்துக்கொண்டு போனார்.

அடுத்த கட்டுரையில் அவர் ஒரு வீட்டுச் சொல்லையும் எழுதவில்லை. 'வாப்பா' என்னும் சொல் 'தந்தையார்' ஆகியிருந்தது. 'உம்மா' என்னும் சொல் 'அன்னையார்' ஆகியிருந்தது. மதிப்பெண் கூடியது. ஆனால் அக்கட்டுரையிலிருந்து அவருடைய வீடு காணாமற் போயிருந்தது. அதுவே என்னைச் சுட்டது. அவர் கேட்ட வினாவுக்கு விடை தேட முற்பட்டேன். நான் அடிக்காமல் விட்ட சொல் எங்கிருந்து வந்தது? நான் அடித்த சொல் எங்கெங்குச் சென்றது? இவ்விரண்டையும் நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஹைபர் மார்க்கெட் பிறந்த கதை

'ஹைபர் மார்க்கெட்' என்பது மிக இளைய சொல். அதற்கு அறுபது வயது அளவே ஆகின்றது. அது ஆங்கிலத்தில் தோன்றியதும் அன்று. பிரான்சு நாட்டில் பாரிசு நகருக்கு அருகில், 1963 ஜூன் மாதத்தில், 'கார்ஃபூர்' என்னும் வணிக நிறுவனம் 2,500 சதுர மீட்டர் பரப்பில் ஒரு பெருங்கடையைத் திறந்தது. நானூறு மகிழுந்துகள் நிற்க இடம். உணவுப் பொருளும் துணியும் வீட்டுக் கருவிகளும் ஒரே கூரையின் கீழ். 'கார்ஃபூர்' என்னும் பிரெஞ்சுச் சொல்லுக்கு நாற்சந்தி என்பது பொருள். நாற்சந்தியில் கடை வைப்பது உலகெங்கும் வணிகர் அறிந்த உத்தியே.

அக்காலத்தில் பிரெஞ்சு மொழியில் 'சூப்பர்மார்ஷே' என்னும் சொல் இருந்தது. அது ஆங்கிலச் 'சூப்பர் மார்க்கெட்'டின் பெயர்ப்பு. அதனினும் பெரிய கடை தோன்றியபோது அதற்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது. 1960களின் பிற்பகுதியில் 'ஹைப்பர்' என்னும் முன்னொட்டைச் சேர்த்து 'இப்பெர்மார்ஷே' என்று வழங்கலாயினர். அதுவே ஆங்கிலத்துக்குச் சென்று 'ஹைபர் மார்க்கெட்' ஆயிற்று. பிரெஞ்சு வணிகத்தில் இன்றும் 2,500 சதுர மீட்டருக்குக் குறையாத விற்பனைப் பரப்புடைய கடையே இப்பெயருக்கு உரியது.

இதில் வியப்புக்குரிய செய்தி ஒன்றுண்டு. 'சூப்பர்' என்பது இலத்தீன். 'ஹைப்பர்' என்பது கிரேக்கம். இரண்டுக்கும் பொருள் ஒன்றே: மேல், மேற்பட்ட. இரண்டும் ஒரே மூலத்திலிருந்து கிளைத்தவை என்பது மொழிநூலார் முடிபு. வடமொழியின் 'உபரி'யும் அவற்றின் உடன்பிறப்பே. ஆக, நாம் 'உபரி வருமானம்' என்று கூறும்போது, சூப்பருக்கும் ஹைப்பருக்கும் உறவான ஒரு சொல்லை அறியாமலேயே வழங்கி வருகின்றோம். ஒரே பொருளுடைய இரண்டு சொற்களுள் ஒன்றைப் பெருங்கடைக்கும், மற்றொன்றை அதனினும் பெருங்கடைக்கும் வைத்துக்கொண்டனர் மேலை நாட்டார். தேவை வந்தபோது கையில் இருந்த பழஞ்சொல்லை எடுத்துப் புதுப் பொருளுக்குச் சூட்டினர், அவ்வளவே.

1990களில் இப்பெருங்கடைகள் வளைகுடா நாடுகளில் பரவத் தொடங்கின. கார்ஃபூர் 1995இல் துபாயில் கால் வைத்தது. நம் கேரளச் சகோதரர் ஒருவர் வளர்த்த 'லூலூ' நிறுவனமும் பெரும்புகழ் பெற்றது. 'லுஃலுஃ' என்னும் அரபுச் சொல்லுக்கு முத்து என்பது பொருள். திருக்குர்ஆனின் ரஹ்மான் அத்தியாயத்தில் முத்தும் பவளமும் அடுத்தடுத்துக் கூறப்படுவதை ஓதியறிந்த நம் மாணவர்க்கு இது புதிதன்று. ஒரு காலத்தில் மன்னார் வளைகுடாவின் முத்து அரபு நாடுகளுக்குச் சென்றது. இன்று அம்மன்னார்க் கரையின் மைந்தர், முத்தின் பெயர் தாங்கிய கடைகளிலும் அவை போன்ற பிற கடைகளிலும் பணியாற்றித் தம் குடும்பங்களைக் காத்து வருகின்றனர்.

மக்ஸன்: கரை கடந்த அரபுச் சொல்

அம்மாணவரின் வாப்பா பணியாற்றும் இடத்தை எண்ணிப் பார்ப்போம். கடையின் முன்புறத்தில் ஒளிவெள்ளம். பின்புறத்தில் சரக்குப் பெட்டிகள் அடுக்கிய அறை. அவ்வறையை அரபியர் 'மக்ஸன்' என்பர். 'கஸன' என்னும் வினைக்குச் சேர்த்து வைத்தல் என்பது பொருள். சேர்த்து வைக்கும் இடம் மக்ஸன். நம் அரசு அலுவலகங்களில் வழங்கும் 'கஜானா'வும் இதே வேரினது.

இடைக்காலத்தில் மத்தியதரைக் கடல் வணிகத்தின் வழியே 'மக்ஸன்' இத்தாலிக்குச் சென்று 'மகட்ஸீனோ' ஆயிற்று. பிரான்சில் 'மகஸான்' ஆயிற்று. எசுபானியர் அரபு மொழியின் 'அல்' என்னும் முன்னடையையும் சேர்த்தே எடுத்துக்கொண்டு 'அல்மஸேன்' என்றனர். பிரெஞ்சு மொழியில் அதன் பொருள் சரக்கறையிலிருந்து விரிந்து 'கடை' என்றாயிற்று. பாரிசில் 1852 முதல் அரிஸ்தீத் பூசிக்கோ என்பவர் வளர்த்தெடுத்த 'பொன் மார்ஷே' போன்ற பல்துறைப் பெருங்கடைகளை அந்நாட்டார் 'பெரிய மகஸான்கள்' என்றே அழைக்கின்றனர். ஐரோப்பாவின் பெருங்கடைக்கு அரபுச் சொல்லே பெயராக அமைந்தது.

ஆங்கிலேயர் அச்சொல்லை 'மேகசின்' என்று கொண்டனர். முதலில் அது பண்டகசாலை. பின்னர் வெடிமருந்துச் சாலை. 1731இல் எட்வர்டு கேவ் என்பவர் இலண்டனில் ஓர் இதழைத் தொடங்கியபோது, அதனைச் செய்திகளின் பண்டகசாலை என்னும் கருத்தில் 'மேகசின்' என்றார். அன்று முதல் இதழ்களுக்கும் அதுவே பெயர். இம்மலரைக் கையில் ஏந்தியிருப்போர் ஒருவகையில் ஒரு 'மக்ஸனை'யே ஏந்தியிருக்கின்றனர் எனலாம்.

ஈண்டுக் கருதத்தக்கது ஒன்று. அரபு மொழியிலிருந்து வாங்கினோம் என்று சொல்ல ஐரோப்பியர் நாணவில்லை. எந்நூற்றாண்டில், எவ்வழியில், எப்பொருளில் வந்தது என்பதைத் தம் அகராதிகளில் எழுதி வைத்தனர். கணக்கு அவர்களிடம் இருந்தது.

கிட்டங்கி கடந்த கடல்

இனி, நான் அடித்த சொல்லுக்கு வருவோம். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்தது. அதில் 'கிடங்கு' என்னும் சொல்லுக்கு அகழி, குளம், பண்டகசாலை எனப் பல பொருள்கள் தரப்பட்டுள்ளன. கோட்டையைச் சூழ்ந்த அகழியைக் 'கிடங்கு' என்பது சங்க இலக்கிய வழக்கு. 'கிட' என்னும் வினையடியை நோக்கின் இப்பொருள்களின் ஒற்றுமை விளங்கும். நீர் கிடக்குமிடமும் கிடங்கு. சரக்குக் கிடக்குமிடமும் கிடங்கு. 'கிட்டங்கி' இதனோடு உறவுடைய வணிக வழக்குச் சொல். தெலுங்கிலும் இதனை ஒத்த வடிவம் உண்டு. எனவே கொச்சை என்று நான் தள்ளியது, தென்னாட்டு வணிகர் பல காலம் கையாண்ட தொழிற்சொல்லையே.

இச்சொல் இங்கேயே தங்கிவிடவில்லை. மலாய் மொழியில் பண்டகசாலைக்குப் பெயர் 'குடாங்'. இந்தோனேசியாவிலும் அதுவே வழக்கு. அந்நாட்டின் புகழ்பெற்ற புகையிலை நிறுவனம் ஒன்றின் பெயரான 'குடாங் காரம்' என்பதற்கு உப்புக் கிடங்கு என்பதே பொருள். சிங்களத்தில் 'குதாம' என்பர். பதினாறாம் நூற்றாண்டில் மலாக்காவைப் பற்றி எழுதிய போர்த்துக்கீசியர், அங்கே வணிகர் சரக்கு வைக்கும் அறைகளை இச்சொல்லின் திரிந்த வடிவத்தாலேயே குறித்தனர். அவர்கள் வழியே அது ஆங்கிலேயரிடம் சென்று 'கோடவுன்' ஆயிற்று.

யூல், பர்னல் என்னும் இருவர் தொகுத்து 1886இல் வெளிவந்த 'ஹாப்சன் ஜாப்சன்' என்னும் ஆங்கிலோ இந்தியச் சொற்களஞ்சியம் இவ்வழியை ஆராய்கின்றது. மலாய்ச் சொல்லின் பின்னே தெலுங்கின் 'கிடங்கி'யையும் தமிழின் 'கிடங்கை'யும் அது சுட்டுகின்றது. முதலில் தெலுங்குக் கரையிலிருந்து சென்றதா, தமிழ்க் கரையிலிருந்து சென்றதா என்பதில் உறுதியான முடிவு காண்பது அரிது. ஆயின் சோழமண்டலக் கரையிலிருந்து மரக்கலம் ஏறிய சொல் என்பதே பெரும்பான்மையோர் கருத்து.

அவ்வாறு மரக்கலம் ஏறியது அச்சொல் மட்டுமன்று. மலாய் மொழியில் கடைக்குப் பெயர் 'கெடாய்'. அது நம் 'கடை'. வணிகத்தில் இடும் மூலதனத்துக்குப் பெயர் 'மோடால்'. அது நம் 'முதல்'. கப்பலுக்குப் பெயர் 'காப்பால்'. பெட்டிக்குப் பெயர் 'பெத்தி'. கடையும், முதலும், கப்பலும், பெட்டியும், கிடங்கும் ஒருங்கே சென்றுள்ளன என்றால், சென்றவர் யாவர் என்பதைக் கூற வேண்டுவதில்லை. சொற்பட்டியலே ஒரு வணிகனின் ஐந்தொகை போல் அமைந்துள்ளது.

நம் கரையின் வரலாறும் இதற்கு அரணாக நிற்கின்றது. அழகன்குளத்து அகழாய்வில் உரோமானிய மட்பாண்டங்களும் காசுகளும் கிடைத்தன. பெரியபட்டினத்தில் 1980களில் நடந்த ஆய்வில், பதின்மூன்று, பதினான்காம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த சீனப் பீங்கான் ஓடுகள் மிகுதியாகக் கிடைத்தன. இபுனு பதூதா குறிப்பிடும் 'ஃபத்தன்' இவ்வூரே என்று கருதும் ஆய்வாளர் உளர். பதினேழாம் நூற்றாண்டில் கீழக்கரையில் வாழ்ந்த ஷெய்கு அப்துல் காதிர் என்னும் வள்ளல் சீதக்காதியின் மரக்கல வணிகமும், உமறுப்புலவரைப் புரந்து சீறாப்புராணம் எழக் காரணமாக நின்ற அவர்தம் தமிழ்ப்பற்றும் நாடறிந்தவை. கீழக்கரைச் சங்கு வங்கத்துக்குச் சென்று வளையல் ஆயிற்று. 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டபின், ரயிலும் கப்பலும் சந்திக்கும் துறையாகத் தனுஷ்கோடி விளங்கியது. 1964 டிசம்பர்ப் புயலில் அது அழிந்தது. துறை ஒன்று அழியும்போது கட்டடங்கள் மட்டும் சாய்வதில்லை. அத்துறையில் புழங்கிய தொழிற்சொற்களும் நாவிலிருந்து மெல்ல நழுவுகின்றன.

சென்ற சொல் திரும்பியும் வந்தது. ஆனால் 'கோடவுன்' என்னும் ஆங்கில உடையில் வந்தது. நாம் அதனைப் புதிய விருந்தினராக வரவேற்று, 'குடோன்' என்று பெயரிட்டு, கடைத்தெருவெங்கும் பலகையில் எழுதினோம். கடல் கடவாமல் வீட்டிலேயே இருந்த கிட்டங்கியையோ, 'கொச்சை' என்று புறந்தள்ளினோம். அக்கட்டுரைத் தாளில் மாணவர் 'குடோன்' என்று எழுதியிருந்தால் நான் அடித்திருப்பேனா? மனமறிந்து சொல்வதானால், அடித்திருக்க மாட்டேன். அது ஆங்கிலச் சொல்தானே என்று பொறுத்திருப்பேன். நம் தவறு எங்கே இருக்கின்றது என்பதை இவ்வொன்றே காட்டும்.

ஒலி ஒப்புமை உறவாகாது

இவ்வாறு கூறுவதனால், எல்லாச் சொல்லும் தமிழிலிருந்தே சென்றன என்று முழங்குவது என் கருத்தன்று. அவ்வாறு முழங்குவோரால் சொல்லாய்வுக்கு நேரும் இழுக்கைத் தமிழாசிரியராகிய நாம் நன்கு அறிவோம். ஓர் எடுத்துக்காட்டுக் காண்போம்.

பெருநகரங்களில் பல கடைகள் அடங்கிய வளாகத்தை 'மால்' என்கின்றனர். தமிழில் 'மால்' என்றால் பெருமை. மயக்கம் என்றும் பொருள்படும். பெரியதாயிருந்து காண்போரை மயக்குவதால் இது தமிழ்ச் சொல்லே என்று நகைச்சுவையாகச் சொல்லலாம். அரபு மொழியில் 'மால்' என்றால் செல்வம், உடைமை. நம் ஊர்களில் ஏழைகளுக்கு உதவும் பொதுநிதியாகிய 'பைத்துல்மால்' என்பதற்குச் 'செல்வத்தின் இல்லம்' என்பது பொருள். எனவே அரபுச் சொல்லே என்றும் ஒருவர் வாதிடலாம்.

உண்மையோ வேறு. பந்தைக் கொட்டாப்புளி போன்ற சுத்தியால் அடித்து ஆடும் ஆட்டம் ஒன்று இத்தாலியில் இருந்தது. இத்தாலிய மொழியில் 'பல்லா' என்றால் பந்து. 'மாலியோ' என்றால் சுத்தி. அவ்வாட்டம் இலண்டனுக்கு வந்து 'பால் மால்' எனப்பட்டது. அது ஆடிய நெடுவெளியும், பின்னர் மரநிழல் சாலையும் 'மால்' எனப் பெயர் பெற்றன. அமெரிக்காவில், மக்கள் நடந்துசென்று பொருள் வாங்கும் கடைவளாகங்களுக்கு இருபதாம் நூற்றாண்டில் அப்பெயர் வந்தது. மூன்று மொழிகளில் மூன்று 'மால்'கள், ஒன்றுக்கொன்று உறவில்லை. 'கோடவுன்' என்பதைச் சரக்குக் கீழே போகுமிடம் என்று ஆங்கிலேயருள் சிலர் விளக்கியதும் இத்தகைய ஒலிமயக்கமே.

ஆகவே வேர் காண்பதற்கு ஒலி ஒப்புமை போதாது. வந்த வழியும் வேண்டும், சான்றும் வேண்டும். கிட்டங்கிக்கு வழி இருக்கின்றது, துறைமுகங்கள் இருக்கின்றன, நூற்சான்று இருக்கின்றது. மாலுக்கு இவை ஒன்றும் இல்லை.

பிறமொழிச் சொல் வந்ததனால் தமிழ் கெட்டுவிட்டது என்று அஞ்சுவதும் மிகையே. பாம்பனிலும் இராமேசுவரத்திலும் மீன் வந்து இறங்கியவுடன் கரையில் 'ஏலம்' தொடங்குகின்றது. 'ஏலம்' போர்த்துக்கீசிய மொழியின் 'லெய்லாவ்' என்பதிலிருந்து வந்தது. அதுவோ அறிவித்தல் என்னும் பொருளுடைய அரபுச் சொல்லிலிருந்து பிறந்தது என்பர். அரபியர் தந்து, போர்த்துக்கீசியர் கொணர்ந்து, நம் மீனவப் பெருமக்கள் வாயில் பழகிய அச்சொல்லை இனித் தமிழன்று என எவர் ஒதுக்குவார்? வாங்கிய சொல்லால் எம்மொழியும் ஏழையாவதில்லை. இருந்த சொல்லை இகழ்ந்து எறிவதனால்தான் வறுமை வருகின்றது.

பேரங்காடி என்னும் பெயர்

அவ்வாறாயின் ஹைபர் மார்க்கெட்டுக்கு என்ன பெயர் வைப்பது? புதுச்சொல் படைக்கக் குழு எதுவும் வேண்டுவதில்லை. மதுரைக்காஞ்சி மதுரையின் நாளங்காடியையும் அல்லங்காடியையும் கூறுகின்றது. பகலில் ஒரு சந்தை, இரவில் ஒரு சந்தை என இருவேளையும் வணிகம் நிகழ்ந்த நகரம் அது. புகாரின் நாளங்காடியைச் சிலம்பு கூறும். 'அங்காடி' தெலுங்கிலும் கன்னடத்திலும் மலையாளத்திலும் சிறு வேறுபாட்டோடு இன்றும் வழங்கும் சொல். பெருமை என்னும் பண்புப்பெயரை அதனோடு புணர்த்தினால், ஈறு கெட்டு, முதல் நீண்டு, 'பேரங்காடி' ஆகின்றது. பேரூர், பேராசிரியர் என்பனவற்றுக்குரிய விதியே இதற்கும் விதி.

இது ஏட்டளவில் நிற்கும் சொல்லும் அன்று. 1935இல் தொடங்கப்பெற்ற சிங்கப்பூரின் 'தமிழ் முரசு' நாளிதழில் பேரங்காடி என்பது அன்றாட வழக்கு. மலேசியத் தமிழரும் இயல்பாக வழங்குகின்றனர். தமிழ்நாட்டில் கூட்டுறவுத் துறையினர் பண்டகசாலை, சிறப்பங்காடி என்னும் சொற்களை நெடுங்காலமாகப் பலகையில் எழுதி வந்துள்ளனர். 'பல்பொருள் அங்காடி' என்பதும் மக்கள் நாவில் படிந்த தொடரே. ஆகவே சிறிய தன்சேவைக் கடைக்குப் பல்பொருள் அங்காடி. மிகப்பெரிய கடைக்குப் பேரங்காடி. அதன் பின்புறத்துச் சரக்கறைக்குக் கிட்டங்கி. மூன்றும் நம்மிடம் உள்ளவை. எடுத்தாள்வதே குறை.

'ஹைபர் மார்க்கெட்' என்று பேசுவோரைப் பழிப்பதும் வேண்டா. அங்கே உழைப்போர்க்கு அது பணியிடத்தின் பெயர். சம்பளச் சீட்டில் உள்ள பெயர். வாப்பா அனுப்பும் பணத்தில் படிக்கும் பிள்ளையிடம், வாப்பாவின் பணியிடப் பெயர் இழுக்கு என்று கூறுவது அறமாகாது. பேச்சில் இரண்டும் இருக்கட்டும். எழுதும்போது பேரங்காடி எழுதப்படட்டும். பயன்பாடு பெருகப் பெருக அதுவே நிலைபெறும்.

செய்யத்தக்கவை

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒன்று கூறுவேன். மாணவர் தாளில் வட்டார வழக்கைக் காணும்போது, சிவப்பு மை தொடும் முன் அகராதியைத் தொடுவோம். அகராதியில் இல்லையெனினும் அம்மாணவரிடம் ஒருமுறை கேட்போம். எழுத்து நடைக்குரிய ஒழுங்கைக் கற்பிப்பது நம் கடமை. அக்கடமையின் பெயரால் அவர்தம் வீட்டைத் தாளிலிருந்து வெளியேற்ற நமக்கு உரிமையில்லை.

சமுதாயப் பெரியோர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் கணக்கேடுகளிலும், பழைய கடிதங்களிலும், அரபுத்தமிழ்ச் சுவடிகளிலும் நம் வணிகச் சொற்கள் உறங்குகின்றன. சங்குத் தொழிலில், முத்துக்குளிப்பில், மரக்கலக் கட்டுமானத்தில், கொழும்பு வணிகத்தில் வழங்கிய சொற்களை அறிந்தோர் இன்று முதுமையில் உள்ளனர். பெருமளவிலான முத்துக்குளிப்பு மன்னார்க் கரையில் 1961க்குப் பின் நடைபெறவில்லை. அத்தொழிலில் நேரில் பங்குகொண்டோர் இன்று எண்பதைக் கடந்தோராகவே இருப்பர். அவர்களை அணுகிக் கேட்க நம் மாணவர்க்கு வாயில் திறந்துவிடுங்கள்.

மாணவச் செல்வங்களே, உங்கள் பணி எளியது. பாட்டனார் பாட்டியாரிடம் அமர்ந்து, அவர்கள் கூறும் சொல், அதன் பொருள், வழங்கிய இடம் ஆகிய மூன்றையும் ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். நூறு மாணவர் ஆளுக்குப் பத்துச் சொல் கொணர்ந்தால் ஆயிரம் சொல். தொண்டி முதல் ஏர்வாடி வரையிலான கரையின் வணிகச் சொல்லகராதி ஒன்றை நம் துறையே வெளியிட இயலும்.

இறுதியாக அம்மாணவரைப் பற்றி. இவற்றையெல்லாம் கண்டறிந்த மறுநாள் வகுப்பில் அவரை எழுப்பி, "கிட்டங்கி சரி, நான் அடித்ததே பிழை" என்று அனைவர் முன்னும் கூறி, குறைத்த மதிப்பெண்ணை வழங்கினேன். அவர் நாணத்தோடு தலைகுனிந்தார். வகுப்பு முடிந்தபின் என்னருகே வந்து, "ஐயா, வாப்பா வேலை செய்யுற இடத்துல அரபிங்க மக்ஸன்னு சொல்வாங்களாம், மத்தவங்க ஸ்டோர்னு சொல்வாங்களாம், நம்ம ஆளுங்க மட்டும் கிட்டங்கின்னுதான் சொல்வாங்களாம். ராத்திரி போன்ல கேட்டேன்" என்றார்.

ஒரே அறை, மூன்று பெயர். அம்மூன்றனுள் ஒன்று நம் கரையிலிருந்து புறப்பட்டு, உலகின் பாதியைச் சுற்றிவந்த பெயர். அதனை அயல்நாட்டில் கூலிக்கு உழைக்கும் ஒரு தந்தை மறவாமல் காத்து வருகின்றார். கல்லூரியில் சம்பளம் பெற்றுத் தமிழ் கற்பிக்கும் நான் அதனைத் தாளில் அடித்தேன். அவருடைய அடுத்த கட்டுரையில் வாப்பா திரும்பி வந்துவிட்டார்கள். சிவப்பு மைப் பேனாவை நான் இன்னும் வைத்திருக்கின்றேன். ஆனால் இப்போது அதன் அருகில் அகராதியும் இருக்கின்றது.